13-ஆம் நம்பர் ரோடு: 675 கிலோமீட்டரும் சில மருத்துவமனைகளும்

1/
இன்னைக்கு சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. ஒரு ரோட்டைப் பத்தி எழுதப் போறேன். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், அமெரிக்க எல்லையை ஒட்டினாற்போல் ஓடும் 13-ஆம் எண் நெடுஞ்சாலை. அந்தச் சாலையோர ஊர்களில் மாற்று மருத்துவராகச் சில வருடங்கள் மாறி மாறி வேலை பார்த்தேன். ரோட்டுக்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. நீண்ட இழை, பொறுமையாப் படிங்க.

2/
முதலில் அளவு. சஸ்காட்செவன் நம்ம தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு பெரியது. மக்கள்தொகை 12 லட்சத்தைச் சுற்றி. அதாவது மதுரை நகரத்து ஜனத்தை ஐந்து தமிழ்நாட்டில் பரப்பி உட்கார வைத்த மாதிரி. அதில் தெற்கு ஓரத்தில், ஆல்பர்ட்டா எல்லையில் தொடங்கி மானிடோபா எல்லை வரை கிடக்கிறது இந்தச் சாலை. சுமார் 675 கி.மீ. சென்னையிலிருந்து கிளம்பினா கன்னியாகுமரிப் பக்கம் போய்ச் சேர்ந்துடலாம்.

3/
ஆனா சென்னை–கன்னியாகுமரி வழியில் எத்தனை ஊர்! இங்கே மேற்கிலிருந்து வந்தால் கான்சுல், ராப்சார்ட், ஈஸ்டெண்ட், ஷானவான், கெடிலாக், பான்டெக்ஸ், லாஃப்ளெஷ், அசினிபோயா, ஒகீமா, வேய்பர்ன், ஸ்டவுட்டன், ஆர்கோலா, கார்லைல், ரெட்வர்ஸ். பல ஊர்களில் சில நூறு பேர்தான். அதில் பெரியது வேய்பர்ன். பத்தாயிரம் பேரைத் தாண்டும் ஒரே ஊர் அதுதான். இடையில் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சிய ஊர்களும் உண்டு. அதனால் இந்தச் சாலைக்கு 'பேய் ஊர்களின் பாதை' என்றே ஒரு பெயர்.

4/
அந்த நிலத்தில் ரோடு எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். காரணம் 19-ஆம் நூற்றாண்டு நில அளவை. நிலத்தை ஒரு மைல் சதுரமாக வெட்டி, வடக்கு–தெற்காக மைலுக்கு ஒரு வழி, கிழக்கு–மேற்காக இரண்டு மைலுக்கு ஒரு வழி, ஒவ்வொன்றும் 66 அடி அகலம் என்று ஒதுக்கிவிட்டார்கள். வேடிக்கை என்னன்னா, பூமி உருண்டை. வடக்கே போகப் போகத் தீர்க்கக்கோடுகள் நெருங்கும். அதைச் சரிக்கட்ட 24 மைலுக்கு ஒரு தடவை வடக்கு–தெற்கு ரோடு லேசா விலகித் தொடரும். இரவில், பழக்கமில்லாதவன் நேரா வயலுக்குள்ள இறங்கும் இடம் அதுதான்.

5/
இந்தச் சாலைக்கு 'சிவப்புக் கோட்டுப் பாதை' என்று இன்னொரு பெயர். 1873 ஜூனில் சைப்ரஸ் குன்றுகளில், ஓநாய் வேட்டைக்காரர்களும் சாராய வியாபாரிகளும் நகோடா பழங்குடி மக்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சமயத்தில் கனடா அரசு உருவாக்கிய காவல்படைதான் வடமேற்குக் குதிரைப் போலீஸ். 1874 ஜூலையில் மானிடோபாவிலிருந்து சுமார் 275 பேர் சிவப்புக் கோட்டுடன் மேற்கே கிளம்பினார்கள். அக்டோபரில் ஆல்பர்ட்டா போய்ச் சேர்ந்தார்கள்.

6/
அந்தப் பயணத்தை ஒரு மருத்துவரா படிச்சா வீரக்கதையா தெரியாது. கெட்ட தண்ணீர், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தீவனம் இல்லாமல் விழுந்து செத்த குதிரைகள். அவர்கள் போன தடமும் இன்றைய 13-ஆம் எண் சாலையும் முழுக்க ஒன்றல்ல. பெயர் மட்டும் இந்தச் சாலைக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

7/
பெயர்ப்பலகையில் இல்லாத கதை ஒன்று இருக்கு. 1880 வாக்கில் காட்டெருமைக் கூட்டங்கள் அழிந்து, பழங்குடி மக்கள் பட்டினியில் விழுந்தார்கள். அரசு ரேஷனை ஆயுதமாக்கியது. சைப்ரஸ் குன்றுகளை விட்டு ஒதுக்கிடங்களுக்குப் போனால்தான் சாப்பாடு. போனவர்களைக் காசநோய் அள்ளிக்கொண்டது. பட்டினி உடம்பில் காசநோய் எப்படிப் பரவும்னு நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. புல்வெளி 'காலியாக' இருந்ததால் குடியேறினார்கள் என்று யாராவது சொன்னால், அது எப்படிக் காலியானது என்று கேளுங்க.

8/
அடுத்து ரயில். 1910-களில் கனேடிய பசிபிக் ரயில்வே இந்தப் பக்கம் தண்டவாளம் போட்டது. சுமார் எட்டு, பத்து மைலுக்கு ஒரு நிறுத்தம், ஒரு தானியக் கிடங்கு. ஏன் அந்தக் கணக்கு? குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிப்போய், இறக்கி, அன்றே வீடு திரும்பக்கூடிய தூரம் அது. ஊர்களின் இடைவெளியை முடிவு செய்தது குதிரையின் மூச்சு. ரோடு அதன் பிறகுதான் தண்டவாளத்தின் ஓரமாகவே வளர்ந்தது.

9/
1930-கள் வறட்சி. மண் காற்றில் பறந்தது, கோதுமை விலை தரையில் கிடந்தது. காருக்குப் பெட்ரோல் போடக் காசில்லாதவர்கள் எஞ்சினைக் கழற்றிவிட்டு, காரைக் குதிரையில் பூட்டி ஓட்டினார்கள். அதற்கு அப்போதைய பிரதமர் பெயரில் 'பென்னட் வண்டி' என்று பட்டம். சரி, எரிபொருளுக்கே காசில்லாதவன் டாக்டருக்கு எங்கே போவான்? கதை இங்கேதான் சூடு பிடிக்குது.

10/
அதற்கு முன்பே இந்த மாகாணத்து விவசாயிகள் ஒரு வேலை செய்திருந்தார்கள். 1914-15 வாக்கில் சார்னியா என்ற கிராமப்புற ஊராட்சியில், இருந்த ஒரே டாக்டரும் கிளம்பிவிடுவார் போலிருந்தது. வரிப்பணத்திலிருந்து ஆண்டுக்கு 1,500 டாலர் தருகிறோம், போகாதீங்க என்று நிறுத்திக்கொண்டார்கள். சட்டமே இல்லை. பிறகு சட்டம் வந்தது, பல ஊராட்சிகள் அதே வழியில் டாக்டர் வைத்துக்கொண்டன. சில ஊராட்சிகள் சேர்ந்து பொது மருத்துவமனை கட்டின. பொது மருத்துவத்தின் விதை பெரிய தத்துவமெல்லாம் இல்லைங்க. 'டாக்டர் போயிட்டா என்ன பண்றது' என்ற பயம்.

11/
இப்போ வேய்பர்ன். 1930-இல் இந்த ஊர் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குப் போதகராக வந்தவர் டாமி டக்ளஸ். சிறுவயதில் அவருக்குக் காலில் எலும்புச் சீழ்நோய். குடும்பத்திடம் காசில்லை, காலை எடுத்துவிடுவதாக இருந்தது. வினிபெக்கில் ஒரு எலும்பு சிகிச்சை நிபுணர், மாணவர்களுக்குக் காட்டிப் பாடம் நடத்தலாம் என்ற ஏற்பாட்டில் இலவசமாக அறுவை செய்து காலைக் காப்பாற்றினார். ஒரு பிள்ளையின் கால் டாக்டரின் மனசை நம்பி இருக்கக் கூடாது என்பதுதான் பின்னாளில் அவர் அரசியல். 1944-இல் மாகாண முதல்வரானார்.

12/
அடுத்து நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்க.
1946: சஸ்காட்செவனின் தென்மேற்கு மூலையில், ஸ்விஃப்ட் கரன்ட்டைத் தலைமையிடமாகக் கொண்டு, எல்லோருக்கும் டாக்டரும் ஆஸ்பத்திரியும் என்ற சுகாதார மண்டலம்.
அதே 1946: அரசு விமான ஆம்புலன்ஸ்.
அதே 1946: அரசு பஸ் நிறுவனம்.
1947 ஜனவரி 1: மாகாணம் முழுக்க மருத்துவமனைக் காப்பீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர்.
ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் விமானம், பஸ் மூணும் ஒரே வருஷம். தூரம்தான் நோய் என்று புரிந்த அரசு செய்யும் வேலை இது.

13/
1962 ஜூலை 1-இல் டாக்டர் கட்டணத்துக்கும் பொதுக் காப்பீடு வந்தது. எங்க ஆளுங்கதான் எதிர்த்தாங்க. மாகாணத்தின் பெரும்பாலான டாக்டர்கள் கிளினிக்கைப் பூட்டினார்கள். 23 நாள். முதல் நாளே, காய்ச்சல் கண்ட ஒன்பது மாதக் குழந்தையைக் காரில் போட்டுக்கொண்டு டாக்டரைத் தேடி ஊர் ஊராக அலைந்த பெற்றோர், வழியிலேயே குழந்தையை இழந்தார்கள். வடக்கே வேறு ஒரு ரோட்டில் நடந்தது அது. ஜூலை 23-இல் ஒப்பந்தம். அரசு பின்வாங்கவில்லை. சில வருடங்களில் கனடா முழுக்க அதையே எடுத்துக்கொண்டது.

14/
வேய்பர்னில் இன்னொரு மருத்துவக் கதை. 1921-இல் திறந்த பிரம்மாண்ட மனநல மருத்துவமனை. ஒரு காலத்தில் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள், தாங்க முடியாத நெரிசல். 1950-களில் அங்கே இருந்த ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர்தான் 'சைக்கடெலிக்' என்ற சொல்லை உருவாக்கியவர். குடிநோய்க்கு எல்.எஸ்.டி. கொடுத்து ஆராய்ந்தவர். அவருடன் வேலை செய்த கட்டடக் கலைஞர் கியோ இசுமி, தானே எல்.எஸ்.டி. எடுத்துக்கொண்டு வார்டுக்குள் நடந்தார். மனச்சிதைவு நோயாளியின் கண்ணுக்கு இந்த நீண்ட தாழ்வாரம் எப்படித் தெரியும் என்று பார்த்து, புது மருத்துவமனை வரைந்தார். அந்தப் பழைய கட்டடம் இப்போ இல்லை, இடித்துவிட்டார்கள்.

15/
இனி இறங்குமுகம். டிராக்டர் பெருசாச்சு, பண்ணை பெருசாச்சு, குடும்பங்கள் குறைஞ்சுது. 1993-இல் கடனில் தத்தளித்த மாகாண அரசு 52 கிராமப்புற மருத்துவமனைகளின் உள்நோயாளிப் பிரிவை மூடி, சுகாதார நிலையங்களாக மாற்றியது. மேஜை, ஸ்டெதாஸ்கோப், பகலில் நர்ஸ். இரவில் விளக்கு இல்லை. செய்தது யார் தெரியுமா? டக்ளஸின் கட்சி வழி வந்த அரசேதான்.

16/
இரண்டு வருஷம் கழித்து 1995-இல் தானியத்துக்கான ரயில் சலுகைக் கட்டணமும் முடிந்தது. 1897 ஒப்பந்தத்தில் வேர் கொண்ட சலுகை அது. கிளைப் பாதைகள் மூடப்பட்டன, மரத்தாலான தானியக் கிடங்குகள் இடிக்கப்பட்டன. பத்து மைல் குதிரை வண்டியில் போன கோதுமை, இப்போ நூறு கிலோமீட்டர் லாரியில். இங்கே பல கிராமப்புறச் சாலைகள் மெல்லிய தார்ப் பூச்சுதான். கார் போகப் போட்டது, 60 டன் லாரிக்குப் போட்டதில்லை. ரோடு அப்பளம் மாதிரி நொறுங்கியது. கிழக்கே வேய்பர்ன், ஸ்டவுட்டன் பக்கம் எண்ணெய் லாரிகள் வேறு.

17/
நம்ம வீட்டுச் சமையலறையும் இதில் சம்பந்தப்பட்டிருக்கு. தெற்கு சஸ்காட்செவன் வயல்களில் இன்று கோதுமையோடு பருப்பும் விளையுது. இந்தியா வாங்கும் மைசூர் பருப்பில் பெரும்பங்கு கனடாவிலிருந்து. அதில் மிகப் பெரும்பகுதி இந்த மாகாணத்தில். அறுவடைக் காலத்தில் இந்த ரோட்டில் எதிரே வரும் லாரி நம்ம சாம்பாருக்கான பருப்பை ஏற்றி வரலாம்.

18/
இனி என் தொழில். அப்படி ஒரு அறுவடைக் காலம். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கேன்.) அறுபது வயது தாண்டிய விவசாயி. காலை பத்து மணிக்கு நெஞ்சில் அழுத்தம். மழை வருமுன் இந்த வயலை முடிச்சிடணும் என்று அறுவடை இயந்திரத்தை விட்டு இறங்கவில்லை. மூன்று மணிக்கு வேர்த்துக் கொட்டியபோது மனைவி வந்து பிக்கப்பில் ஏற்றி, 70 கி.மீ. தானே ஓட்டி வந்தார். ஈ.சி.ஜி. எடுத்தால் பெரிய மாரடைப்பு.

19/
சென்னையில் என்றால் நேரே கேத் லேப், ஸ்டென்ட். 120 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்கும் மேஜைக்குப் போக முடியும்னா அதுதான் சிறந்த வழி. எங்களுக்கு அந்த மேஜை ரெஜைனாவில், மூன்று மணி நேரத் தூரம். அப்போ இரண்டாவது வழி: ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. கூடவே ரத்தக்கசிவு ஆபத்து. நான், ஒரு நர்ஸ், போனில் ரெஜைனா இதயநோய் நிபுணர். ஊசி போட்டோம். நாற்பது நிமிடத்தில் வலி குறைந்தது, ஈ.சி.ஜி. இறங்கியது. அவர் முதலில் கேட்டது, "டாக், மழை வந்துடுச்சா?"

20/
அவர் பிழைத்தார். ஆனா காலை பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் செத்த இதயத்தசை திரும்பி வராது. இப்போ படி ஏறினா மூச்சு வாங்குது. 'ஏன் லேட்டா வந்தீங்க' என்று கேட்பது சுலபம். பக்கத்து ஊரில் கதவு திறந்திருந்தா, பதினோரு மணிக்கே 'எதுக்கும் ஒரு தடவை காட்டிட்டு வந்துடுவோம்' என்று போயிருப்பாரோ என்னவோ. பத்து கிலோமீட்டர் என்றால் எதுக்கும் காட்டிட்டு வருவோம். எழுபது என்றால் பார்த்துக்கலாம். தூரம் நேரத்தை மட்டும் தின்பதில்லை, முடிவெடுக்கும் மனசையே மாத்திடுது.

21/
விபத்து. 2018 ஏப்ரல் 6. ஹம்போல்ட் ஊர் இளைஞர்களின் ஐஸ் ஹாக்கி அணி போன பஸ்ஸும் ஒரு சரக்கு லாரியும் 35, 335 எண் சாலைகள் சந்திக்கும் இடத்தில் மோதின. 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயம். லாரி நிறுத்தப் பலகையைத் தாண்டி வந்திருந்தது. அந்த 35-ஆம் எண் சாலை தெற்கே வந்து வேய்பர்னில் நம்ம 13-ஐ வெட்டிப் போகுது. அதற்குப் பிறகுதான் லாரி ஓட்டுநர்களுக்குக் கட்டாயப் பயிற்சி மாகாணத்தில் 2019-இல் வந்தது.

22/
வெட்டவெளியில் எப்படி மோதுறாங்கன்னு கேட்பீங்க. இரண்டு வண்டிகள் சந்திப்பை நோக்கி ஒத்த வேகத்தில் வந்தால், ஒன்றிலிருந்து பார்க்க இன்னொன்று கண்ணாடியில் ஒரே புள்ளியில் நிற்கும். நகராத பொருளை மூளை கவனிக்காது. அந்தப் புள்ளி காரின் கண்ணாடித் தூணுக்குப் பின்னால் மறைந்தால் கேட்கவே வேண்டாம். நேர் ரோடு, காலி ரோடு, மூளை தூங்கும். தலையை இடமும் வலமும் அசைத்துப் பாருங்க. நம்ம ஊர் புறவழிச்சாலைச் சந்திப்புக்கும் இது பொருந்தும்.

23/
குளிர்காலம். மைனஸ் 30 சாதாரணம். பனிப்புயலில் வண்டி நின்னா, இறங்கி நடக்கக் கூடாது, வண்டியிலேயே இருக்கணும். புகைக்குழாயைப் பனி அடைத்துவிட்டு எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனை கிடையாது. தலைவலி, தூக்கம், அவ்வளவுதான். அதனால் முதலில் குழாயைச் சுரண்டி விட்டு, பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஜன்னலை விரல் அளவு திறந்து வைக்கணும். கம்பளி, மெழுகுவத்தி, மண்வெட்டி என் வண்டியில் எப்பவும் இருக்கும். ஊர்க்காரங்க முதல் வாரமே கேட்பாங்க, இருக்கான்னு.

24/
2017 மே 31-இல் அந்த அரசு பஸ்ஸும் நின்றது. நஷ்டம் என்றார்கள், நஷ்டம்தான். ஆனா அந்த பஸ்ஸில் டயாலிசிஸுக்கும் கீமோவுக்கும் போனவர்கள் இருந்தாங்க. ரத்த மாதிரிகளும் மருந்துப் பார்சலும் போச்சு. அடுத்த வருஷம் தனியார் பஸ்ஸும் மேற்குக் கனடாவை விட்டுப் போனது. பார்வை மங்கிய ஒரு பாட்டி, 'ஓட்டத் தெரிஞ்ச யாராவது ஃப்ரீயா இருக்கும் நாளா பார்த்து அப்பாயின்ட்மென்ட் கொடுங்க டாக்' என்பார். பஸ்ஸின் நஷ்டம் கணக்குப் புத்தகத்தில் வரும். இந்தப் பாட்டி தள்ளிப்போட்ட பரிசோதனை எந்தப் புத்தகத்தில் வரும்?

25/
நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். ஆண்டுக்கு இருபது பிரசவம் பார்க்கும் இடத்தில் கை பழகாது. எல்லா ஊரிலும் அறுவை அரங்கம் வைப்பது நோயாளிக்கே ஆபத்து. இங்கே 2012 முதல் ஸ்டார்ஸ் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் பறக்குது. அது இறங்கும் சத்தம் மாதிரி நிம்மதி எனக்கு வேறு இல்லை. ஆனா மூடுபனியில் ஹெலிகாப்டர் வராது. அப்போ மிச்சம் இருப்பது ரோடும், அதன் ஓரத்தில் விளக்கெரியும் ஒரு கதவும்தான்.

26/
இன்று அந்தக் கதவுதான் பிரச்சினை. டாக்டரோ நர்ஸோ லேப் ஆளோ கிடைக்காமல், கிராமப்புற அவசரப் பிரிவுகள் சில நாட்கள், சில வாரங்கள் மூடிக் கிடக்கின்றன. மருத்துவமனை இருக்கு, ஆள் இல்லை. இது முழுசா மூடியதை விட மோசம். திறந்திருக்கும் என்று நம்பி ஐம்பது கிலோமீட்டர் வந்து, கதவில் ஒட்டிய தாளைப் படிப்பவரை நினைச்சுப் பாருங்க. என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்த டாக்டர்களை வைத்துத்தான் பல ஊர்கள் ஓடுது. நாங்களும் ஒப்பந்தம் முடிந்ததும் நகரத்துக்குப் போயிடுறோம். பிள்ளைகள் படிப்பு, தனிமை, தூக்கமில்லாத இரவுகள். யாரையும் குறை சொல்லலை. ஆனா 1914-இல் அந்த விவசாயிகள் கேட்ட கேள்வி அப்படியே இருக்கு.

27/
என் கருத்து இதுதான். எல்லா ஊருக்கும் எல்லாம் வேண்டாம். எந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்பது உறுதியா தெரியணும். அந்தக் கதவு வரை போக ரோடு, வண்டி, ஓட்ட ஆள் வேணும். இந்த நாலும் ஒரே திட்டத்தில் வரணும். 1946-இல் வந்தது. அதன் பிறகு ஆஸ்பத்திரியை ஒரு துறை மூடியது, ரயிலை ஒரு துறை, பஸ்ஸை ஒரு துறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியா நியாயமான காரணம் இருந்தது. மொத்தமா கூட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை.

28/
நீங்க எந்த ஊரில் இருந்தாலும் மூணு விஷயம் எடுத்துக்கோங்க.
அ) நெஞ்சில் அழுத்தம், வேர்வை, இடது கை அல்லது தாடை வலி பத்து நிமிடம் தாண்டினா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. தானே வண்டி ஓட்டிப் போகாதீங்க.
ஆ) வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் வந்தா மணியைப் பாருங்க. கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான். பயண நேரமும் அதில் சேர்ந்ததுதான்.
இ) உங்க வீட்டிலிருந்து இரவு இரண்டு மணிக்குத் திறந்திருக்கும் மருத்துவமனை எது, எத்தனை நிமிடம்? இன்னைக்கே தெரிஞ்சு வையுங்க.

29/
அந்த ரோட்டில் ஒரு பழக்கம் உண்டு. எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். வணக்கம் என்று அர்த்தம். அரை மணி நேரத்துக்கு ஒரு வண்டி வரும் இடத்தில் அதற்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு: நீ இந்தப் பக்கம் போனதை நான் பார்த்தேன். திரும்பி வரலைன்னா தேடுவாங்க.

உங்க ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் எத்தனை நிமிடம்னு கீழே எழுதுங்க, படிக்கிறேன்.